ரத்தக் காட்டேரிகளில் ஒரு நல்ல மாப்பிள்ளை

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில், எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, நான் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமாக இருந்த ஆண்கள் எல்லோரும் ஏற்கெனவே செத்துப்போனவர்கள். பெட்டிக்குள் படுத்துத் தூங்குவார்கள், வெயில் பட்டால் சாம்பலாவார்கள், இளம்பெண்களின் கழுத்தில் சிவப்பாக இரண்டு பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். இருந்தாலும் எங்கள் சொந்தத்தில் எனக்காகப் பார்த்து வைத்திருந்த பையன்களைவிட அவர்கள் எல்லா விதத்திலும் மேல் என்பது என் தீர்மானமான கருத்து. அதை மாற்றிக்கொள்ள இன்றுவரை பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

மண்டி மொஹல்லாவில் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் வாடகைப் புத்தகக் கடை ஒன்று இருந்தது. தமிழ், கன்னடம், உருது மூன்றும் கிடைக்கும். கடைக்காரர் எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் அட்டையைக் கிழித்துவிட்டு, மொத்தமாகக் கறுப்பு காலிகோ பைண்டிங் போட்டுவிடுவார். அட்டையோடு சேர்ந்து தலைப்பும் எழுதியவர் பெயரும் போய்விடும். அதனால் எனக்கு மிகவும் பிடித்த புத்தகங்களின் பெயர் எனக்கே தெரியாது. ஓரங்களில் முன்னால் படித்தவர்கள் எழுதிவைத்த விமர்சனம் மட்டும் இருக்கும். "போர்." "இவளை நம்பாதே." "அடுத்த பக்கத்தில் கடிப்பான்." இலக்கியத் திறனாய்வு என்றால் என்னவென்று அங்கேதான் நான் முதலில் தெரிந்துகொண்டேன்.

நானும் அக்காவும் கன்னட மீடியத்தில் படித்தவர்கள். தமிழ் பேசுகிற எல்லையோர ஊரான கௌதள்ளியிலிருந்து அப்பா தொழிற்சாலை வேலைக்காக மைசூர் வந்து சேர்ந்ததால் வீட்டில் தமிழ் பேசினோம், தெருவில் கன்னடம் பேசினோம். தமிழ் எழுத்தைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் கற்றுக்கொண்டு, மிச்சத்தை இந்த ரத்தக் காட்டேரிகளிடம் கற்றுக்கொண்டேன். மொழிபெயர்த்தவர்கள் அவர்களைப் பாட்டு வாத்தியார் போலப் பேசவைத்திருந்தார்கள். "தேவி, தங்கள் அனுமதியின்றி ஒரு துளியும் பருகேன்" என்பார்கள். கௌதள்ளியில் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பாவிடம் நான், "தாங்கள் இன்னும் சிறிது பாயசம் பருகுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தில் என்னை இன்னும் "பருகு" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

என் முதல் காதலர் ஒரு கப்பலில் வயலின் வாசிக்கிறவர். செத்து முந்நூறு வருஷம் ஆனவர், பார்த்தால் இருபத்தைந்துக்கு மேல் சொல்ல முடியாது. சட்டைக் கையில் பின்னல் வேலை. ஒரு வாய் குடித்துவிட்டு மூன்று அத்தியாயம் வருந்துவார். கடல் ஓரமாக நின்று, தான் ஏன் இப்படி ஆனோம் என்று தன்னையே திட்டிக்கொள்வார். எங்கள் தெருவில் பிறர் உயிரை வாங்கிவிட்டு அரை நிமிஷம் வருந்திய ஆணைக்கூட நான் பார்த்ததில்லை. வருத்தப்படுகிற ஆண் என்பதே எனக்கு அப்போது கற்பனையின் உச்சமாகத் தெரிந்தது, பல் நீளமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதில் நம்மூர்க் காட்டேரியைச் சேர்க்க எனக்கு மனமில்லை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, கோழி கொடு, பொரி கொடு என்று நேரடியாகக் கேட்டு வாங்கிப் போகிற ஜென்மம் அது. சோகமும் கிடையாது, வயலினும் கிடையாது. சொந்தக்காரர் மாதிரி இருந்ததால் அதன்மேல் எனக்குக் காதல் வரவில்லை.

கதையைப் படித்துவிட்டு அம்மாவிடம் சொல்வேன். அம்மா முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். ரத்தம், சுடுகாடு, சவப்பெட்டி எதுவும் அவளைப் பாதித்ததில்லை. அவளுடைய கேள்விகள் வேறு.

"அவனுக்குச் சோறாக்க வேண்டியதில்லையா?"

"வேண்டியதில்லை. சோறே திங்கமாட்டார்."

"அவுங்கம்மா?"

"செத்து முந்நூறு வருசம் ஆச்சு."

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். "நல்ல எடந்தான் போ."

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. அவர் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் பகலெல்லாம் தூங்குவார். வெளிச்சம் பட்டால் உறுமுவார். சாயங்காலம் எழுந்து கண் சிவக்க டீ கேட்பார். இலக்கணப்படி பார்த்தால் வீட்டிலேயே ஒருவர் இருந்தார் என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் லுங்கி கட்டிய ரத்தக் காட்டேரியைப் பற்றி எந்த நாட்டிலும் யாரும் நாவல் எழுதவில்லை. பூண்டு ரசம் மட்டும் அப்பாவுக்கு உயிர். ரத்தக் காட்டேரிகளுக்குப் பூண்டு ஆகாது, அந்த வாசனைக்கு என் வயலின்காரர் தெருமுனையிலேயே மயங்கி விழுந்திருப்பார்.

அந்த வருஷம் ஆஷாடம் பிறந்ததும் அக்கா வீட்டுக்கு வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி அதுதான் முதல் வருஷம். குண்டலுபேட்டையில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த பெரிய குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அவர்களும் தமிழர்கள்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வியாபாரம் செய்கிறவர்கள் என்பதால் கன்னடப் பஞ்சாங்கப்படி நடப்பார்கள். ஆஷாட மாதத்தில் மாமியாரும் புது மருமகளும் ஒரே வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று இங்கே ஒரு வழக்கம். அதனால் மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதை யார் கண்டுபிடித்தாரோ தெரியாது, ஆனால் அவர் நிச்சயம் ஒரு மருமகள்.

மாப்பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், உண்மைதான். நல்ல பழக்கம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பெண் பார்க்க வந்த அன்று எங்கள் கூடத்துக் கண்ணாடியில் அக்காவைப் பார்த்ததைவிட அதிக நேரம் தன்னைப் பார்த்துக்கொண்டார். கண்ணாடியில் உருவம் தெரியாது என்பது ரத்தக் காட்டேரிகளின் குறை என்று நினைக்கிறவர்கள், இப்படி ஒருவர் சீப்பால் மீசையை நீவுகிறவரை எதிரே காத்திருந்து பார்க்கவேண்டும்.

வந்திறங்கிய அக்காவை எனக்கு அடையாளமே தெரியவில்லை. உதடு வெளுத்திருந்தது. இரண்டு குடம் தண்ணீர் தூக்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவும் நானும் அவளை எங்கள் பகுதி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். டாக்டரம்மா அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரக்தானே இல்வல்லம்மா" என்றார். உடம்பில் ரத்தமே இல்லையாம். எனக்குச் சட்டென்று அக்காவின் கழுத்தைப் பார்க்கத் தோன்றியது, பார்த்தேன். தாலிக்கயிறு மட்டும்தான் இருந்தது.

மாத்திரை எழுதிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிடுவாய் என்று. அக்கா புகார் சொல்கிற குரலில் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். முதலில் மண்டிக்குப் போகிற ஆண்கள். அவர்களோடு மாமியார். அப்புறம் மண்டி ஆட்கள். அப்புறம் பிள்ளைகள், பிள்ளைகளுக்கு ஊட்டுகிற சாக்கில் மூத்த மருமகள்கள். அதற்கப்புறம் சோறு இருந்தால் இவள். இல்லாவிட்டால் கரைத்த மோர். அதற்குமேல் மறுபடி உலை வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை.

குண்டலுபேட்டையிலும் மைசூர் மாதிரியே ஒருவரை ஒருவர் பார்த்தால் "ஊட்டா ஆய்த்தா?" என்றுதான் கேட்பார்கள், சாப்பாடு ஆயிற்றா என்று. தண்ணீர்க் குழாயில், கோயிலில், கடைத்தெருவில் ஊரே அக்காவைக் கேட்டிருக்கிறது. அவளும் "ஆய்த்து" என்று சொல்லியிருக்கிறாள். கேட்காதவர்கள் அந்த ஒரு வீட்டுக்காரர்கள் மட்டும்தான்.

அன்று சாயங்காலம் எழுந்து டீ குடித்த அப்பாவிடம் நான் இதையெல்லாம் சொன்னேன். அவர் "ம்" என்றார். அப்பா "ம்" என்றால் கேட்டுக்கொண்டார் என்றும் எடுத்துக்கொள்ளலாம், டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அக்காவுக்குப் பொழுது போக என் காலிகோ பைண்டிங்குகளைக் கொடுத்தேன். வயலின்காரரை முதலில் கொடுத்தேன். பெரிய மனசுதான், காதலரை யாரும் அவ்வளவு சுலபமாக இரவல் கொடுத்துவிடமாட்டார்கள். இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இவன் என்ன, எப்பப் பாத்தாலும் தன்னையப் பத்தியே நெனச்சிட்டிருக்கான்?" என்றாள். "கடிபட்ட அந்தப் புள்ளைங்க என்ன ஆச்சுன்னு ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கலையே."

முந்நூறு வருஷத்து சோகம் ஒரே வரியில் முடிந்தது. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அடுத்ததாக ஒரு கன்னடத் தொடர்கதையைக் கொடுத்தேன். வாரப் பத்திரிகையில் வந்ததை யாரோ கத்தரித்துச் சேர்த்தது. குடகில் ஒரு காப்பித் தோட்டம், அதன் நடுவில் ஒரு பெரிய பங்களா, அதில் தனியாக வாழும் ஓர் அம்மணி. பட்டுப் புடவை, பழைய கார், வாசலில் இரண்டு நாய். தோட்டத்துக்கு வருகிற துரைமார்களும் தாசில்தார்களும் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதில் காதலே இல்லை. அந்த அம்மணி யாருக்காகவும் உருகவில்லை.

அக்கா அதை விடவே இல்லை. படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். ரத்தமா, பங்களாவா, பட்டுப் புடவையா?

அக்கா புத்தகத்தை எடுத்துவந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். பக்கம் கைபட்டுக் கைபட்டு மெத்தென்று ஆகியிருந்தது. யாரும் சாகிற இடம் இல்லை, கடிக்கிற இடமும் இல்லை. நீளமான மேஜை. அதன் ஒரு முனையில் அம்மணி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். சமையல்காரன் வெள்ளிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறான். அவள் மெதுவாகக் குடிக்கிறாள். அவ்வளவுதான்.

"இவ மொதல்ல சாப்புடறா பாரு," என்றாள் அக்கா. "உக்காந்து சாப்புடறா. இன்னும் யாருக்கு மிச்சம் வெக்கோணும்னு பாக்காம, கிண்ணத்தையே பாத்துச் சாப்புடறா."

என்னுடைய ரத்தக் காட்டேரிகளிடம் நான் தேடியது காதல். அக்கா தேடியது ஒருவேளைச் சோறு. நான் காய்ந்த துணியை மறுபடி உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆஷாடம் முடிந்ததும் குண்டலுபேட்டையிலிருந்து மண்டி ஆள் ஒருவர் வந்து நின்றார், பெண்ணை அனுப்பச் சொல்லி. அப்போது எங்கள் தமிழ் நாட்காட்டியில் ஆடி பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "எங்களுக்கு இப்பத்தானுங்க ஆடி பொறந்திருக்குது. ஆடியில பொண்ண அனுப்பற பழக்கம் இல்லீங்க."

வந்தவர் நாட்காட்டியைப் பார்த்தார், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். தண்ணீரில் ஒத்துப்போகாத இரண்டு மாநிலங்கள் பஞ்சாங்கத்திலும் ஒத்துப்போகாததால் அக்காவுக்கு ஒரு மாதம் கூடக் கிடைத்தது. அந்த மாதத்தில் அவள் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்தது. டாக்டரம்மா, இன்னும் பல மாதம் இப்படிச் சாப்பிட்டால்தான் தேறுவாள், இப்போது பிள்ளை உண்டானால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று சொல்லி அனுப்பினார்.

ஆடியும் முடிந்தது. மூன்றாவதாக ஒரு பஞ்சாங்கம் எங்களிடம் இல்லை.

அப்பா அவளை அனுப்பிவிடலாம் என்ற பக்கம் இருந்தார். கட்டிக்கொடுத்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டால் ஊர் நாலு விதமாகப் பேசும், அப்புறம் சின்னவளுக்கு எவன் வருவான் என்பது அவருடைய வாதம். சின்னவள் நான்தான். செத்துப்போன வயலின்காரரைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்த எனக்கு உயிரோடு ஒருவன் கிடைக்கவேண்டும் என்பதற்காக அக்காவைத் திருப்பி அனுப்பவேண்டுமாம். இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா முறத்தை எடுத்துவைத்துக்கொண்டு கல் பொறுக்கினாள். அக்கா தன் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினாள், காப்பித் தோட்டத்து அம்மணியை என்னிடம் கொடுத்து, கடையில் சேர்த்துவிடு என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மாப்பிள்ளையே வந்தார். ஸ்கூட்டரைச் சந்தில் நிறுத்திவிட்டு, கையில் ஒரு சீப்பு ரசபாளை வாழைப்பழத்தோடு எங்கள் வாசற்படிக்கு வெளியே நின்றார். நான்தான் கதவைத் திறந்தேன்.

ரத்தக் காட்டேரிக் கதைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சட்டம் உண்டு. வீட்டில் இருக்கிறவர் யாராவது வாய் திறந்து உள்ளே அழைக்காமல் அவர்கள் படியைத் தாண்டமாட்டார்கள். எவ்வளவு பசித்தாலும் வெளியே நிற்பார்கள். இது அயல்நாட்டுக்காரர்களின் நாகரிகம் என்று நான் மெய்மறந்து போயிருந்தேன். நம் மாப்பிள்ளைகள் தாலி கட்டிய நாளிலிருந்து இதே சட்டத்தைத்தான் கடைப்பிடிக்கிறார்கள் என்பது அன்று வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. "வாங்க" என்று ஒரு சொல் வராமல் அவர் உள்ளே வரமாட்டார். அந்தச் சொல் வந்துவிட்டால் உட்காருவார், காப்பி வரும், பலகாரம் வரும், சாப்பாடு வரும், சாயங்காலம் அக்கா பெட்டியோடு ஸ்கூட்டரில் ஏறுவாள்.

நான் சொல்லவில்லை. வீரமெல்லாம் இல்லை, பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை செருமினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு அப்பா எழுந்து வந்தார். தபால்காரரையும் வெயில் ஏறினால் "வாங்க, உக்காருங்க" என்கிறவர் அவர். வாயைத் திறந்தும்விட்டார். அதற்குள் அக்கா என் பின்னால் வந்து நின்று, "அங்கிருந்தே சொல்லுங்க," என்றாள்.

மாப்பிள்ளை அவளைப் பார்க்கவில்லை, கன்னடம் கலந்த தமிழில் அப்பாவைப் பார்த்துப் பேசினார். "ஆடியும் முடிஞ்சுதல்வா மாமா. அம்மா கேக்கறாங்க. கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"டாக்டரம்மா ஒடம்புல ரத்தம் இல்லைங்கறாங்களே மாப்பிள்ளை," என்றார் அப்பா.

"அங்க வந்தா ஊறாதா? நம்ம வீட்ல சோத்துக்குப் பஞ்சமா? தெனம் மூணு படி அரிசி பொங்கறாங்க."

நான் சற்றும் எதிர்பார்க்காத மாதிரி, அப்பா மெதுவாகக் கேட்டார். "பஞ்சமில்லீங்க, தெரியுது. அவ அங்க எப்பச் சாப்புடறான்னு சொல்லுங்க."

மாப்பிள்ளை யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். "எல்லார்து ஊட்டாவும் ஆனமேல. பொம்பளைங்க அப்பத்தான சாப்புடுவாங்க." பிறகு குத்தலாக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலக் கேட்டார். "ஏன் மாமா, இங்க அத்தை எப்பச் சாப்புடறாங்க?"

அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். அவருக்குத் தெரியாது. சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார், அங்கே யாராவது எழுதி வைத்திருப்பார்கள் என்பது போல. நானும் யோசித்துப் பார்த்தேன். அம்மா பரிமாறுவது தெரியும், பாத்திரம் கழுவுவது தெரியும். நடுவில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்த நினைவே இல்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் பக்கத்து நியாயம் அந்த ஒரு கேள்வியில் காலியாகிவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது, அடுத்து அவர் "வாங்க" என்றுதான் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு நேரே வந்து நிற்கக் கூடாது. கதவுக்குப் பின்னாலிருந்துதான் பேசவேண்டும், அதுவும் வேறு யாரிடமோ சொல்வது போல. கல்யாணம் ஆனதிலிருந்து அம்மா அப்படித்தான் பேசிவந்தாள். அன்று சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். என்னை விலக்கினாள், அப்பாவை விலக்கினாள், வாசற்படிக்கு உள்ளே மாப்பிள்ளைக்கு நேர் எதிரே நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கடைசீலதாங்க சாப்புடறேன்," என்றாள். "மிஞ்சுனா சாப்புடறேன். இருபத்திரண்டு வருசமா அப்பிடித்தான். அதனாலதான் என்ற புள்ளைய அனுப்பமாட்டேங்கறேன்."

குரல் உயரவே இல்லை. மாப்பிள்ளை பழத்தைப் படியில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா லுங்கியைச் சரிசெய்துகொண்டு நின்றார். அம்மா அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். அக்கா இனி எங்களோடுதான் என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நான் அன்று வெகுநேரம் அழுதது அக்காவுக்காக இல்லை.